தும்பித் தீவில் ஒரு வெளியூர் மீன்

— துடுப்பைக் கீழ வைக்காதீங்க அண்ணே. விதிப்படி நீங்க இன்னும் கைதிதான்.

— கைதி துடுப்புப் போடணும், கைது பண்ணின ஆபீசர் முன்னால உக்காந்து காத்து வாங்கணும். எந்த ஊர் விதி ஐயா இது? உன் எஞ்சின் பாதி வழியில பெட்ரோல் தீர்ந்து செத்துக் கிடக்கு. என் தோணிய வேற பின்னால கயித்துல கட்டியிருக்க. ரெண்டையும் சேர்த்து நான்தான் இழுக்கிறேன்.

— பெட்ரோலுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அது வரும்போது வரும். பதிவுக்காகக் கேக்கிறேன், பேரு?

— ஏய் வனங்வா! ஒரு வருசமா எங்க வீட்டு வாசல்ல உக்காந்து, என் தங்கச்சி கையால சோளக் களி வாங்கித் தின்ன ஆளு நீ. என் பேரு தெரியாதா உனக்கு?

— எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

— ஜைலோசி. எழுதிக்க. செம்பே கிராமம். தொழில், வலைக்கு முங்கிப் பாக்கிறவன். படகுல இருக்கிறவன் எல்லாம் மேல நின்னு கத்துவான். நான் தண்ணிக்குள்ள தலைய விட்டு, கூட்டம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்துக் கை காட்டுவேன். அப்புறம்தான் வலைய இழுப்பாங்க. இருபது வருசமா மேல இருந்த நேரத்தைவிடத் தண்ணிக்குள்ள இருந்த நேரம்தான் ஜாஸ்தி. கேட்டியா?

— "தொழில்: மீன்பிடி." அவ்வளவுதான் கட்டத்துல இடம் இருக்கு. பிடிபட்ட இடம், தும்பித் தீவு, கரையிலேருந்து முப்பது மீட்டர். தேசியப் பூங்கா எல்லை நூறு மீட்டர். அதுக்குள்ள வலை, தூண்டில், வெறுங்கை, எதுவும் கூடாது. பிடிபட்ட பொருள், பிளாஸ்டிக் வாளி ஒண்ணு. வாளிக்குள்ள பாறை மீன் ஒண்ணு.

— அந்த வாளி என் பொண்டாட்டியோடது. அதையும் எழுது. சாயங்காலத்துக்குள்ள திரும்பி வரலைன்னா, உன் ஜெயிலே பரவாயில்லைன்னு ஆயிரும் எனக்கு.

— எழுதிட்டேன். "உரிமையாளர்: குற்றவாளியின் மனைவி."

— ஆபீசர் ஐயா, ஒரு சின்ன சந்தேகம். இன்னிக்கு என்ன கிழமை?

— சனிக்கிழமை.

— சனிக்கிழமை ரெண்டு மணிக்கு எங்க வீட்டுல என்ன?

— ரெண்டு மணிக்கு எங்க பெரியப்பா உங்க வீட்டுக்கு வந்து, உங்க தங்கச்சி லிகினெத்தை எனக்கு...

— வாயை மூடு! வாயை மூடு! எங்க ஊர்ல பொண்ணு கேக்கிறவனும் பொண்ணோட அண்ணனும் நேருக்கு நேரா அந்தப் பேச்சைப் பேசவே கூடாது. ரெண்டு பக்கமும் ஆள் வச்சுத்தான் பேசணும். நீ பேசினா உன் மரியாதை போச்சு, நான் கேட்டா என் மரியாதை போச்சு.

— நீங்கதான் அண்ணே கேட்டீங்க.

— நான் கிழமை கேட்டேன். சரி, கிழமையைப் பத்தியே பேசுவோம். இந்தச் சனிக்கிழமை நீ என்னைக் கொண்டுபோய் ஆபீஸ்ல அடைச்சு வச்சா, பொண்ணு பக்கத்துல பேச வேண்டிய ஆளு, அண்ணன் நான், அங்க இருக்க மாட்டேன். ஆள் இல்லன்னா பேச்சு கிடையாது. பேச்சு இல்லன்னா, உன் பெரியப்பா வந்த பஸ்லயே ரெண்டு நாள் உக்காந்து ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

— தெரியும். தும்பி முனையில உங்க தோணியப் பார்த்தப்பவே தெரியும். கண்ணை மூடிக்கிட்டுப் பத்து வரைக்கும் எண்ணினேன். திறந்து பார்த்தா நீங்க அங்கேயேதான் இருந்தீங்க.

— நூறு வரைக்கும் எண்ணியிருக்கலாமில்ல?

— எண்ணினேன். இருநூறும் எண்ணினேன். நீங்க நகரவே இல்ல. காலை மட்டும் மேல தூக்கிக்கிட்டு, தலை தண்ணிக்குள்ள.

— ம். ரெண்டு கையாலயும் ஒரு பாறை இடுக்கை அடைச்சுக்கிட்டு இருந்தேன். நீ எஞ்சினை உறும விட்டுக்கிட்டு வர்றது கேட்டுச்சு. கையை எடுத்தா மீன் போயிரும், எடுக்கலைன்னா மானம் போயிரும்னு யோசிச்சேன்.

— ஒரு நிமிஷம். வாளித் தண்ணி சூடாயிருச்சு. மாத்திடறேன்... மெதுவா, மெதுவா. ஆ, இப்ப சரி. பாருங்க, செவுள் நல்லா அடிக்குது.

— சாட்சிக்கு இவ்வளவு உபசாரமா? எனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியாடா நீ?

— நீங்க ஏரி மேலதான் இருக்கீங்க அண்ணே.

— சரி. அந்த வாளியை நடுவுல வை. இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளு. ம். இனிமே அந்த மீன்தான் நமக்கு நடுவுல ஆளு. நீ சொல்றதை மீன்கிட்ட சொல்லு. நான் என் காதுல விழுந்தா கேட்டுக்கிறேன். வழக்கமும் மீறாது, வேலையும் நடக்கும்.

— மீன் வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கு.

— நடுவுல நிக்கிற ஆளு அப்படித்தான் இருக்கணும். உன் பெரியப்பா மாதிரியா? மங்கி பே டவுன்ல பஸ்ஸை விட்டு இறங்கினதும், பெட்டியைக்கூடக் கீழ வைக்காம, போனை எடுத்து என் தாய்மாமா மூஞ்சிக்கு நேரா நீட்டினாராம். என்னன்னு பார்த்தா நாலு மாட்டோட போட்டோ. பக்கவாட்டுல ஒண்ணு, முன்பக்கமா ஒண்ணு, கொம்பு மட்டும் தனியா ஒண்ணு.

— மீனே, அண்ணன்கிட்ட சொல்லு. எங்க மலைநாட்டுல பொண்ணு கேட்டுப் போனா மாடு குடுக்கிறதுதான் மரியாதை. அதுல சிவப்பு மாடு பெரியப்பா கையால வளர்த்தது. அதைக் குடுக்கிறேன்னு அவர் சொன்னதே எனக்கு ஆச்சரியம்.

— மீனே, அவன்கிட்ட சொல்லு. எங்க ஏரிக்கரையில ஒரு கோழி போதும். கோழியைக் கொண்டுவந்து குடுத்துட்டு, மாப்பிள்ளை இங்கயே வந்து வீடு கட்டிக்கிட்டு இருக்கணும். மாட்டை வாங்கினோம்னு வை, பொண்ணு மட்டுமா போகும்? அவ பெத்த பிள்ளைங்களும் உங்க குடின்னு ஆயிரும். என் தங்கச்சி பிள்ளைங்கதான்யா எனக்கு வாரிசு. நான் பெத்த நாலும் என் பொண்டாட்டி குடி. நாளைக்கு நான் செத்தா என் தோணியில யாரு ஏறுவா? உன் சிவப்பு மாடா?

— மீனே, அண்ணன் சொல்றது புரியுதுன்னு சொல்லு. ஆனா எங்க ஊர்ல பிள்ளைங்க அப்பா குடிதான்னும் சொல்லு. அதைக் கொஞ்சம் தணிவா சொல்லு.

— அது தணிவாத்தான் சொல்லுது. எனக்கு ஒண்ணுமே கேக்கலை.

— அண்ணே, படிவத்துல இன்னும் ஒரு கட்டம் பாக்கி. காரணம். எதுக்காகப் பிடிச்சீங்க?

— குழம்புக்கு.

— விரல் நீளத்துக்கு ஒரே ஒரு மீன். அதுல குழம்பா?

— எனக்குப் பசி கம்மி.

— மூணு வாரமா உங்களைக் கவனிச்சுக்கிட்டு வர்றேன். மத்தியானம் தும்பிக்கு வர்றீங்க. அப்புறம் நேரா எதிர்ப்பக்கம் தோம்வே தீவுக்குப் போறீங்க. வரும்போது வாளி காலி. தோம்வேக்குப் பின்னால கடத்தல்காரங்க படகு நிக்கும்னு எனக்குத் தெரியும். கண்ணாடித் தொட்டிக்கு மீன் வாங்கறவங்க. நான் இதை நம்ப வேண்டாம்னு மூணு வாரமும் பாத்தேன் அண்ணே. சொல்லுங்க. யாருக்குக் குடுக்கிறீங்க?

— கடத்தல்காரனா? நானா?

— பதிவுக்காகத்தான் கேக்கிறேன்.

— உன் பதிவைத் தூக்கி ஏரியில போடு! இருபது வருசம் இந்த மீனுங்க கண்ணைப் பார்த்தவன்டா நான். சரி, ஆபீசர். குனிஞ்சு வாளிக்குள்ள பாருங்க. முதுகுத் துடுப்போட ஓரம் என்ன நிறம்?

— ஆரஞ்சு.

— தும்பித் தீவுப் பாறை மீனுக்கு ஓரம் என்ன நிறம்?

— ...வெள்ளை.

— ஆரஞ்சு ஓரம் எங்க இருக்கும்?

— தோம்வேயில மட்டும்தான். ஆனா இது தும்பியிலதானே பிடிபட்டுச்சு?

— ஆமா. எப்படி வந்துச்சு? நீந்தியா? பாறையை விட்டு மணல் மேல நாலு முழம் போறதுக்கு உசிரு போற மாதிரி பயப்படும் இந்த மீனு. பாறைக்கு ஒரு நிறம், தீவுக்கு ஒரு வகைன்னு அதனாலதானே இந்த ஏரியில இத்தனை இருக்கு? நடுவுல அவ்வளவு ஆழம். தானா வந்திருக்காது. யாரோ கொண்டுவந்து விட்டிருக்கான்.

— இது பெரிய குற்றம் அண்ணே. ஒரு பாறை மீனை இன்னொரு பாறையில விட்டா ரெண்டும் கலந்து ரெண்டு வகையும் இல்லாமப் போயிரும். யாரு? பேர் தெரியுமா?

— தெரியும்.

— சொல்லுங்க. எழுதிக்கிறேன்.

— வ. எழுதிட்டியா? ன. ங். வா.

— நானா அண்ணே?

— ரெண்டு மாசத்துக்கு முன்னால மங்கி பே சாலையில ஒரு வண்டியை மறிச்சு, பை நிறைய உசிரு மீனைப் பிடிச்சியே. நல்ல வேலைதான், இல்லைங்கலை. அப்புறம் என்ன பண்ணின? பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு, உன் பெரிய ஆபீசரைப் போட்டோ எடுக்கச் சொல்லி, தும்பித் தீவு ஓரமா இருபத்துமூணு மீனையும் சாய்ச்சு விட்டியே. பிள்ளைங்க கை தட்டினாங்க. நானும்தான் கரையில நின்னு கை தட்டினேன். மறுநாள் முங்கிப் பாக்கிறேன், பாறை எல்லாம் ஆரஞ்சு ஓரம்.

— அந்தப் போட்டோ ஆபீஸ் சுவர்ல மாட்டியிருக்கு.

— பார்த்தேன். கண்ணாடிச் சட்டமெல்லாம் போட்டு. பல்லெல்லாம் தெரிய நிக்கிற.

— எங்க பிடிச்சீங்கன்னு அவங்களைக் கேக்கணும்னு தோணலை. வண்டியை விட்டு ஓடிட்டாங்க. ஏரி ஒண்ணுதானே, மீன் வீட்டுக்குப் போயிரும்னு...

— மலைநாட்டுக்காரன். மாட்டை அவுத்து விட்டா தொழுவத்துக்குப் போகுமில்ல, அந்த நினைப்பு.

— அப்ப நீங்க இத்தனை நாளா...

— முதல்ல ஆண் மீன். நிறம் அடிக்கும், சுலபமாக் கண்ணுல படும். ஒரு வாரத்துல எல்லாத்தையும் பிடிச்சுக் கொண்டுபோய் தோம்வேயில விட்டேன். பொட்டை மீன் மங்கலா இருக்கும், சந்துல ஒளியும். அதுக்குத்தான் இவ்வளவு நாள். இருபத்திரண்டு போயாச்சு. இது கடைசி. கேட்டியா? ஏரி மேல ஆணையா இது கடைசி.

— ஏன் அண்ணே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?

— சொன்னா நீ என்ன பண்ணுவ? உனக்கு நீயே படிவம் எழுதிக்குவ. உன்னைத் தெரியாதா எனக்கு? அப்புறம்... நல்ல பையன், நம்ம ஊர்லயே இருந்துட்டுப் போகட்டும்னு... ஏய். என்ன பண்ற? அந்தத் தாளை எதுக்குத் திருப்பற?

— பின்பக்கம் காலியா இருக்கு. "குற்றவாளி பெயர்: வனங்வா. தொழில்: பூங்காக் காவலர்."

— டேய் டேய் டேய்! பேனாவைக் கீழ வை! படகைக் கவுத்துருவேன்! இதை நீ எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?

— மாத்திருவாங்க.

— எங்க மாத்துவாங்க? தண்ணியே இல்லாத காட்டுக்கு. யானை எண்ணுறதுக்கு. அங்க போயிட்டா செம்பேயில யாருடா வீடு கட்டுவா? வீடு கட்டாத மாப்பிள்ளைக்கு எங்க குடியில யாருமே... மீனே! மீனே, அவன்கிட்ட சொல்லு, நான் மீன்கிட்டதான் பேசறேன். வீடு கட்டாத ஆளுக்கு நான் சரின்னாலும் எங்க தாய்மாமா ஒத்துக்க மாட்டாரு.

— தெரியும்.

— திங்கக்கிழமை மீன் எண்ண ஆளுங்க வர்றாங்க இல்ல? வரட்டும். எண்ணட்டும். எல்லாம் வெள்ளை ஓரமா இருக்கும். இந்த ஒண்ணையும் தோம்வேயில விட்டுட்டா நீயும் ஒண்ணும் பண்ணலை, நானும் ஒண்ணும் பண்ணலை. ரெண்டு மணிக்கு முன்னால வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு நான் பெரிய மனுசனா உக்காந்துருவேன். என்ன சொல்ற? துடுப்பைத் தோம்வே பக்கம் திருப்பவா?

— முதல்ல வாளியை நிழலுக்கு நகர்த்திக்கிறேன் அண்ணே.

— வனங்வா. திருப்பவா?

— திருப்புங்க அண்ணே.

— அப்படிச் சொல்லு! இப்பதான் மனுசன் மாதிரி பேசற. பாரு, துடுப்புக்கே தெம்பு வந்துருச்சு.

— அண்ணே. கொஞ்சம் நிறுத்துங்க.

— என்ன மறுபடியும்?

— நான் இதையே பார்த்துக்கிட்டு வர்றேன். இது வாயைத் திறக்கவே இல்ல. தொண்டை வேற புடைச்சிருக்கு.

— வெயிலுக்கு அப்படி இருக்கும்.

— அண்ணே.

— ...சரி. வாய்க்குள்ள குஞ்சு. வாய் ஓரத்தை உத்துப் பார்த்தா உள்ள கண்ணு தெரியும், குட்டி குட்டியா. ஒரு இருபது இருக்கும்.

— எத்தனை நாள் குஞ்சு?

— ரெண்டு வாரம்.

— ஆண் மீனை எல்லாம் முதல் வாரமே கொண்டுபோயிட்டேன்னு சொன்னீங்க. அப்படின்னா அப்பன்?

— தும்பிக்காரன்தான். வேற யாரு இருக்கா?

— அப்ப இதைத் தோம்வேயில விட முடியாது. கலப்புக் குஞ்சு.

— ஏன் முடியாது? அம்மா தோம்வே. பிள்ளைங்க தோம்வே. இதுல யோசிக்க என்ன இருக்கு?

— அப்பா தும்பி. பிள்ளைங்க தும்பி.

— அந்த அப்பன் என்ன பண்ணினான்? நிறத்தைக் காட்டி, நாலு குலுக்கு குலுக்கிட்டு, அடுத்தவளைப் பாக்கப் போயிட்டான். மூணு வாரம் ஒரு வாய் தின்னாம, பிள்ளைங்களை வாயிலேயே சுமந்துக்கிட்டு அலையறவ இவ. இவ ஊரு இல்லாம வேற யாரு ஊராம்?

— பாறையில இடம் பிடிச்சு, சுத்தம் பண்ணி, வர்றவன் போறவனை எல்லாம் கடிச்சு விரட்டி, ராப்பகலா காவல் காத்தது யாரு?

— காவல்! அதானே பார்த்தேன். காவல்காரனுக்குக் காவல்காரன் வக்காலத்து!

— நான் சொல்றது விதிப்படி. ரெண்டு இடத்துலயும் விடக் கூடாது. ஆபீஸ்ல பெரிய தொட்டி இருக்கு, அங்கதான் வைக்கணும்.

— வை. யாரு வேண்டாங்கிறா?

— தொட்டியில சீட்டு ஒட்டணும். சீட்டுல "சொந்த இடம்"னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு வரி எழுதினா, எப்படி வந்துச்சுன்னு அடுத்த வரி எழுதணும். அதை எழுதினா யாரு விட்டதுன்னு எழுதணும். பொய் எழுதிக்கிட்டு தினமும் காலையில அந்தத் தொட்டியைத் தாண்டிப் போக என்னால முடியாது அண்ணே. இது என்னையே பார்க்கும்.

— மீன் யாரையும் பார்க்காதுடா.

— ஆபீஸ் பக்கம் திருப்புங்க.

— லிகினெத்?

— மீனே, அண்ணன்கிட்ட சொல்லு. யானை எண்ணப் போனாலும் நான் லிகினெத்தைக் கேக்கிறதை விடப் போறதில்ல. மாசக் கடைசியில நாலு நாள் லீவு கிடைக்கும். வந்து ஒரு சுவர் வைப்பேன். அடுத்த மாசம் இன்னொண்ணு. நாலு மாசத்துல நாலு சுவர். கூரைக்குத்தான் கொஞ்சம் இழுக்கும்.

— பேசாத. நான் மீன்கிட்ட பேசணும். மீனே, இந்தப் பையனுக்கு மூளை இல்லைன்னு சொல்லு.

— கேட்டுச்சு.

— மத்தது எல்லாம் இருக்குன்னும் சொல்லு.

— மத்ததுன்னா என்னன்னு மீன் கேக்குது.

— அதெல்லாம் மீனுக்கு எதுக்கு? கோழி ஒண்ணு கொண்டு வரச் சொல்லு. அந்த மாட்டுப் படத்தை எல்லாம் போன்ல இருந்து அழிக்கச் சொல்லு. மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். சுவர் வைக்க நானும் மண்ணு மிதிக்கிறேன். ஆனா ஒண்ணு. பிள்ளைங்க எங்க குடி. அதுல பேச்சே கிடையாது.

— நன்றி அண்ணே. கோழி சரி. வீடு சரி. ஆனா பிள்ளைங்க விஷயத்துல பெரியப்பா...

— ஆரம்பிச்சுட்டான்! அம்மா ஊருதான்!

— அப்பா ஊருதான் அண்ணே, உலகம் பூரா...

— எந்த உலகம்? உங்க மாட்டு உலகமா?

— அண்ணே, அங்க பாருங்க. யாரோ துடுப்புப் போட்டு வேகமா வர்றாங்க. சிவப்புத் துணி. லிகினெத் மாதிரி இருக்கு.

— அவளேதான். ஏய் லிகினெத்! அது யாரு தோணி? கேட்டுக்கிட்டு எடுத்தியா?

— கேட்டுட்டுத்தான் எடுத்தேன், நீங்க ரெண்டு பேரும் முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க! மணி என்ன ஆச்சு தெரியுமா? இவங்க பெரியப்பா மூணாவது தட்டு களி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. வறுத்த மீன் தீர்ந்து போச்சு. மாமா அந்த மாட்டுப் படத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டாரு. நீங்க என்னடான்னா நடு ஏரியில நின்னு கத்திக்கிட்டு இருக்கீங்க. சத்தம் கரைவரைக்கும் கேக்குது. என்ன சண்டை?

— சண்டை இல்ல லிகினெத். ஒரு சட்டப் பிரச்சனை. இந்த மீனோட அம்மா ஊரு தோம்வே...

— மீனே அம்மாடா. ஒழுங்காச் சொல்லு. தங்கச்சி, இந்த மீனு தோம்வே. வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கு. அப்பன் தும்பிக்காரன். குஞ்சு எந்த ஊருன்னு நீயே சொல்லு. அம்மா ஊருதானே?

— அப்பா ஊருன்னும் ஒரு பக்கம் இருக்கு. அதையும் கேட்டுட்டுச் சொல்லு.

— இதுக்குத்தான் இவ்வளவு நேரமா? முடிவு ஆச்சா?

— இல்ல.

— ஆகாது. இவன் விட்டுக் குடுக்க மாட்டேங்கிறான்.

— சரி, கத்தாதீங்க, மீன் மிரண்டு குஞ்சைத் துப்பிரப் போகுது. நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, ரெண்டு பேரும் நிதானமா உக்காந்து பேசி, நல்லதா ஒரு தீர்ப்பு எழுதுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, மீன் குஞ்சை வெளிய விட இன்னும் ஒரு வாரம் இருக்கு. எனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு.